வேஷம் கட்டினால் வருகிற தைரியம்

(நம் குடியிருப்பில் நடந்த குடியரசு தின விழாவில், குழந்தைகளின் மாறுவேடப் போட்டிக்குப் பிறகு பேசியது. செய்திமடலுக்காகச் செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடையில் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களை எழுதும்போது சேர்த்துக்கொண்டேன்.)



குழந்தைகள் எல்லோரும் ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை ஏதாவது பேசுங்கள் என்று என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று. நான் சொல்ல நினைத்ததில் ஒரு பகுதி குழந்தைகள் காதில் விழ வேண்டியதில்லை.

இன்று மேடை ஏறியவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஸ்பைடர்மேன் 4, பேட்மேன் 2, சக்திமான் 1. சக்திமான் நிச்சயமாக அப்பாவின் யோசனைதான், அந்தப் பையனுக்குத் தான் யார் என்றே தெரியவில்லை. பாரதியார் இருவர், வேலுநாச்சியார் ஒருவர், மற்றவர்கள் காய்கறி, பழம். மேடையிலிருந்து இறங்கிய ஸ்பைடர்மேன்களில் ஒருவன், சி பிளாக் பையன், என் பக்கத்தில் வந்து, "தாத்தா, நெஜமா இந்த மாதிரி டிரெஸ் போட்டுக்கிட்டு எல்லாரையும் காப்பாத்தறவங்க இருக்காங்களா?" என்று கேட்டான். இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன், நம் மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறேன் என்றேன். நம்பாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஐஸ்கிரீமுக்கு ஓடிவிட்டான். அவனுக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். 34 வருடம் வங்கியில் கிளார்க். வவுச்சர், லெட்ஜர், டோக்கன் இவை தவிர எனக்கு வேறு உலகம் கிடையாது. பேச்சில் பிழை இருந்தால் டேலி செய்துகொள்ளுங்கள்.

வேஷம் போட்டு ஊருக்கு உழைத்தவர்கள் உலகத்தில் உண்மையிலேயே இருக்கிறார்கள். மெக்சிகோ நகரத்தில் 1985 செப்டம்பர் 19 அன்று பெரிய பூகம்பம். ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள், வீடு இழந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. வாடகைக்குக் குடியிருந்த ஏழைகளைக் காலி செய்யச் சொல்லி நெருக்கடி. அந்தச் சமயத்தில், 1987ஆம் வருடம், சிவப்பும் மஞ்சளுமாக மல்யுத்த வீரர் உடுப்பு, முகமூடி, முதுகில் ஒரு துணி, இப்படி ஒருவர் தெருவில் இறங்கினார். பெயர் சூப்பர்பாரியோ. பாரியோ என்றால் அங்கே பேட்டை மாதிரி. நம் பாஷையில் 'சூப்பர் பேட்டைக்காரர்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பறக்கவில்லை, சுவர் ஏறவில்லை. எந்த வீட்டைக் காலி செய்ய ஆள் வருகிறதோ அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். அவரைப் பார்க்கத் தெருவே கூடும். கூட்டம் கூடிய பிறகு சாமான்களைத் தூக்கி வெளியே போடுவது சுலபமா? அதிகாரிகளோடு பேச்சுவார்த்தை நடந்தாலும் முகமூடியோடுதான் உட்காருவார். மெக்சிகோவில் மல்யுத்த வீரரின் முகமூடிக்கு ஒரு மரியாதை உண்டு, அதைக் கழற்றச் சொல்வது பெரிய அவமானம். சாதாரணமாக அந்த அலுவலகத்துக்குள் நுழையவே விட மாட்டார்கள் என்கிற நிலையில் இருந்த மனிதர்கள், அந்த முகமூடிக்குப் பின்னால் நின்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள்.

இன்னொருவர் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மேயர், அண்டனாஸ் மோக்கஸ். பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கணிதமும் சொல்லிக்கொடுத்தவர். 1995ல் மேயரானார். சாலை விதியை மீறுபவர்களுக்கு அபராதம் போட்டுப் பார்த்து அலுத்த ஊர் அது. இவர் முகத்தில் வெள்ளை பூசிய ஊமை நடிகர்களைச் சிக்னலில் நிறுத்தினார். கோட்டைத் தாண்டி நிற்கிற டிரைவரை அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் கேலி செய்வார்கள். மேயரே 'சூப்பர் குடிமகன்' என்று உடம்போடு ஒட்டிய உடுப்பு போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார். நம் நகராட்சித் தலைவர் இப்படி நான்கு ரோட்டில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நான் கற்பனை செய்ய முயன்றேன். முடியவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். 2020 மார்ச் மாதம் நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோமே, சென்னை வில்லிவாக்கம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ராஜேஷ் பாபு, தலையில் கொரோனா ஹெல்மெட்டோடு வண்டிகளை மறித்தாரே! கௌதம் என்கிற ஓவியர் உடைந்த ஹெல்மெட்டில் காகிதத்தை ஒட்டி, கிருமியின் முள் மாதிரி நீட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்துச் செய்து கொடுத்தது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. இன்ஸ்பெக்டரிடம் காக்கிச் சட்டை இருந்தது, லத்தி இருந்தது, சட்டம் இருந்தது. இத்தனை இருந்தும் அந்தக் காகித ஹெல்மெட் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஏன் என்பதுதான் என் கேள்வி.

இதற்கு விடை தேட நான் மெக்சிகோ போக வேண்டியதில்லை. தர்மபுரிக்காரனுக்குத் தெருக்கூத்தைத் தெரியும்.

பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், எந்தப் பக்கம் போனாலும் மாசி, பங்குனி வந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். ராத்திரியில் துரியோதனனும் கர்ணனுமாக ஆடுகிறவர்கள் பகலில் யார்? ராகி விதைக்கிறவர், புளி உலுக்குகிறவர், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவர். நான் கிராமத்துக் கிளையில் வேலை பார்த்தபோது அப்படி ஒரு வாடிக்கையாளர் இருந்தார். பயிர்க்கடன் கேட்டு வருவார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேனேஜர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். கழற்ற வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார். ஒரு நாள் காலையில் வந்தபோது காதுக்குப் பின்னால் அரிதாரம் சிவப்பாக ஒட்டியிருந்தது. முந்தின ராத்திரி எங்கேயோ ஆடிவிட்டு, தூங்காமல், நேராக பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

அவர் கட்டியக்காரன் வேஷக்காரர். கூத்தில் ராஜாவுக்கு முன்னால் வந்து கட்டியம் சொல்கிறவன், ராஜாவையே கிண்டல் செய்கிற உரிமை உள்ளவன். அந்த வருடத் திருவிழாவுக்கு எங்கள் கிளைக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் பாய் போட்டு மேனேஜரை உட்கார வைத்தார்கள். இவர் கோமாளிக் குல்லாவோடு திரைக்குப் பின்னாலிருந்து குதித்து வந்தார். சபையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். துரியோதன மகாராஜாவின் கஜானாவில் கடன் கேட்கப் போன கதையை ஆரம்பித்தார். பட்டா கேட்டான், சிட்டா கேட்டான், அடங்கல் கேட்டான், ஜாமீனுக்கு ஆள் கேட்டான், எல்லாம் கொண்டுபோனால் இன்றைக்கு மகாராஜா மீட்டிங் போயிருக்கிறார், நாளைக்கு வா என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜரும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்வார்? அடுத்த வாரம் அந்த ஊரிலிருந்து வந்து கிடந்த பதினோரு விண்ணப்பங்களும் பைசல் ஆயின. கட்டியக்காரர் கையெழுத்துப் போட வந்தார். பழையபடி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ராத்திரி பேசியதும் காலையில் கை கட்டி நின்றதும் ஒரே ஆள்தான். குல்லாவும் அரிதாரமும் அவருக்கு பலம் கொடுக்கவில்லை, பேசுவதற்கு அனுமதி கொடுத்தன. அதைச் சொன்னது கட்டியக்காரன், இன்னாருடைய மகன் இன்னார் இல்லை. ஆகவே கேட்கிறவருக்கும் கோபம் வருவதில்லை. இன்ஸ்பெக்டருக்கும் காகித ஹெல்மெட் தேவைப்பட்டது இதற்காகத்தான் என்பது என் அபிப்பிராயம். காக்கி அதட்டினால் நாம் சந்து வழியாக ஓடுவோம். கிருமியே வந்து அதட்டினால் நின்று, சிரித்து, வண்டியைத் திருப்புவோம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. போன ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதத்துக்காக நம் கேட்டில் எமதர்ம ராஜா நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பெங்களூருவில் 2018லேயே போக்குவரத்துப் போலீசார் ஒரு நாடக நடிகருக்கு எமன் வேஷம் போட்டு ஹெல்மெட் போடாதவர்கள் முன்னால் நிறுத்தினார்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நம் செயலாளருக்கு ஆசை வந்துவிட்டது. தொப்பூர் கணவாய் நமக்குப் பக்கம். அங்கே விபத்து என்ற செய்தி இல்லாமல் ஒரு மாதம் போவது அபூர்வம். நம் பிளாக்குகளிலிருந்தே தினமும் சேலம் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் சரி, எமனுக்கு ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் சார் வயிறு பொருத்தமா இருக்கு" என்றார்கள்.

நாடக சாமான் கடையில் கிரீடம், கதை, மீசை வாடகைக்கு. பாசக்கயிறு என் வீட்டில் துணி காயப்போடும் நைலான் கயிறு. எருமைக்கு பதில் வாட்ச்மேனின் மொபெட். காலை 8 மணியிலிருந்து 10 மணிவரை நின்றேன். ஹெல்மெட் இல்லாமல் வந்தவர்கள் கழுத்தில் கயிற்றைப் போட்டு, "சித்திரகுப்தா, இவன் பிளாட் நம்பர் என்ன?" என்று கேட்பேன். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அப்படியே மாடிக்குப் போய் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். மூன்று நாள் இப்படி நடந்தது. நான்காம் நாள் வேஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேட்டி சட்டையோடு அதே இடத்தில் நின்றேன். ஒரு தம்பி, முந்தின நாள் என்னோடு செல்ஃபி எடுத்த அதே தம்பி, வெறுந்தலையோடு வந்தார். "தம்பி, ஹெல்மெட்?" என்றேன். "உங்க வேலையைப் பாருங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெயர் சொல்ல மாட்டேன். அவரும் இங்கேதான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இனி சொல்லப்போவது சிரிப்புக்குரியது இல்லை.

1996 என்று நினைக்கிறேன். அதே கிராமத்துக் கிளை. மானாவாரி நிலம் வைத்திருந்த ஒருவர் ஒரு ஜோடி தோட்டை நகைக்கடனுக்குக் கொண்டுவந்தார். மனைவிக்கு இது மூன்றாவது பிரசவம், மூத்தது இரண்டும் பெண் என்று அவரே சொன்னார். கடன் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து வேறு ஏதோ காரியமாக வந்தார். பேச்சுவாக்கில், "என்ன குழந்தை?" என்று கேட்டேன். கவுண்டர் பலகையையே பார்த்துக்கொண்டு, "பொண்ணுதான் சார். தங்கல" என்றார்.

அந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் நம் மாவட்டத்தில் என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எருக்கம்பால், நெல்மணி. பக்கத்தில் நகை மதிப்பீட்டாளர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. எனக்குப் பின்னால் இருந்த இருவர் காதிலும் விழுந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் நிச்சயமாகத் தெரியாது, உண்மையிலேயே நோயில் போயிருக்கலாம் என்று அன்றைக்கும் சொல்லிக்கொண்டேன், இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். டோக்கனை அவர் பக்கம் தள்ளினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் ராத்திரி பத்து மணியானாலும் உட்கார்ந்து தேடுகிறவர்கள் நாங்கள். அன்றைக்கு நேரத்திலேயே கணக்கு டேலி ஆகிவிட்டது. நானும் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று இல்லை. 1992லேயே முதலமைச்சர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தார். வேண்டாம் என்றால் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், கொல்லாதீர்கள் என்று. முதலில் சேலத்தில் வந்தது, பிற்பாடு 2001ல் நம் மாவட்டத்துக்கும் விரிவாயிற்று. ஆனால் தொட்டில்வரை குழந்தையைக் கொண்டுவர ஒருவருக்கு மனசு வர வேண்டுமே. அதற்கு முன்னால் இந்த விஷயத்தை ஊரில் யாராவது வாய்விட்டுப் பேச வேண்டுமே. பேச யாரும் இல்லை. நானும் இல்லை.

பேசியவர்கள் சலங்கை கட்டிக்கொண்டு வந்தார்கள்.

1997க்கும் 99க்கும் இடையில் டென்மார்க் அரசாங்கத்தின் உதவியோடு, டானிடா திட்டம் என்று நாம் சொல்வோமே, அந்தச் சுகாதாரத் திட்டத்தில் நம் மாவட்டத்தில் கலைப்பயணம் என்று ஒன்று நடந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் சேர்ந்திருந்தது, 2004ல்தான் பிரிந்தது. வெளியூரிலிருந்து பெரிய நடிகர்களை அழைத்து வரவில்லை. இங்கத்து இளைஞர்களையும் இளம்பெண்களையுமே எடுத்துப் பயிற்சி கொடுத்துக் குழு குழுவாக கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் இதைப் பற்றி 2000ஆம் ஆண்டில் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி பத்திரிகையில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். விவரம் வேண்டுபவர்கள் தேடிப் படிக்கலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கிளைக்கு எதிரே தண்ணீர் டேங்க் திடல். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். பறைச் சத்தம் கேட்டு ஊர் கூடியது. எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை, இடுப்பில் வண்ணத்துணி, காலில் சலங்கை. அவ்வளவுதான் வேஷம். ஆட்டமும் பாட்டுமாக ஆரம்பித்தார்கள், பிறகு நாடகம். ஒரு வீடு, திண்ணையில் மாமியார், உள்ளே பிரசவம். பெண் குழந்தை என்று சேதி வருகிறது. மாமியாராக நடித்தது இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண். முந்தானையைத் தலையில் போட்டு, குரலை உடைத்து, அசல் கிழவி. அந்தக் கிழவி எழுந்து, மெதுவாக, ஒன்றும் பேசாமல், வேலிப் பக்கம் எருக்கஞ்செடியைத் தேடிப் போகிறாள். நடந்து போகிறாள், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடிக்கவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த திடல் அடங்கிப்போயிற்று. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஊர் மானத்தை வாங்க வந்தீர்களா என்று. திட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை வருடத்துக் கணக்கோ அது. நாடகக் குழுவினர் நிறுத்தவில்லை. கூட்டத்தின் பின்வரிசையில் அந்தத் தோட்டுக்காரரைப் பார்த்தேன். சின்னப் பெண் தோளில், பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு. அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டோம். அவர் செய்ததாகவே இருந்தாலும், அன்றைக்கு என் தலையும்தான் குனிந்தது.

மாமியாராக நடித்த பெண் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள். ஒரு வாரம் கழித்து அப்பாவோடு வங்கிக்கு வந்தாள். தாவணி, எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, நிமிர்ந்து பேசத் தெரியாத பெண். படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்பதைக்கூட அப்பாவின் காதில்தான் கேட்டாள். இவளா அவள் என்று எனக்கு ஆச்சரியம். "அவ்வளவு பேர் முன்னாடி அதைச் செய்ய பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "சலங்கை கட்டிட்டா பயம் வராது சார். கழட்டினப்புறம்தான் வரும்."

அவள் வீட்டிலேயே சிலர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். குழாயடியில் பெண்கள் நகர்ந்து நின்றார்களாம். மேடையில் இருந்தவரை அது நாடகக்காரி சொன்னது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அது இன்னாருடைய மகள் சொன்னதாக ஆகிவிட்டது. மெக்சிகோக்காரர் முகமூடியைக் கழற்றவே மாட்டேன் என்றதன் நியாயம் எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கோ முகமூடியே கிடையாது. அப்படியிருந்தும் அடுத்த ஊருக்கு ஆடப் போனாள்.

அந்தத் தோட்டுக்காரர் இரண்டு வருடம் கழித்து ஒரு மைனர் கணக்கு தொடங்க வந்தார், புதிதாகப் பிறந்த குழந்தைக்கு. படிவத்தைப் பூர்த்தி செய்தது நான்தான். ஆணா பெண்ணா என்கிற இடத்தில் அவரைக் கேட்காமல் பேனாவை நிறுத்தினேன். "பொண்ணு சார்" என்றார். நாடகத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதனின் மனசு எதனால் மாறியது என்று எழுத லெட்ஜரில் பத்தி கிடையாது.

மாவட்டத்தில் பெண் சிசுக்கொலை அதன்பின் குறைந்தது உண்மை. ஆனால் வேறொன்று வந்தது. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 942. நம் பக்கம் அதற்கும் வெகு கீழே. 2011லும் மாநிலக் கணக்கு 943தான், பத்து வருடத்தில் ஒன்றே ஒன்று கூடியிருக்கிறது. கருவிலேயே பார்த்துவிடுகிற ஸ்கேன் மெஷின் வந்துவிட்டது. 1994லேயே அதைத் தடுக்கச் சட்டம் வந்தும், நம் மாவட்டத்தில் வீட்டுக்குள் மெஷினை வைத்துக்கொண்டு பார்த்துச் சொன்ன கும்பல்கள் பிடிபட்ட செய்தியை இந்தச் சில வருடங்களில் பேப்பரில் எத்தனை தடவை படித்துவிட்டோம்! எருக்கஞ்செடியை நாடகத்தில் காட்டலாம். பூட்டிய அறைக்குள் நடப்பதற்கு எந்தத் திடலில் பறை அடிப்பது? அது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், சொந்தக்காரருக்குத்தான் தெரியும். அவர்களுக்கு யார் வேஷம் கட்டிவிடுவது?

கடைசியாக ஒன்று. போன வருடம் என் உறவு வட்டத்திலேயே ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. எந்த ஊர், எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றை மாற்றியும் சொல்கிறேன். பத்திரிகையில் மணமகள் பெயருக்குப் பின்னால் படிப்பு போடவில்லை. எனக்கு உறுத்தியது. அந்தப் பெண்ணுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கியபோது தபால் ஆபீசில் படிவம் எழுதிக் கொடுத்தவன் நான். கிளார்க் புத்தி, பிறந்த தேதி மறக்காது. கணக்குப் போட்டேன். 16 முடியவில்லை. சட்டப்படி பெண்ணுக்கு 18.

முதலில் பெண்ணின் அப்பாவிடமே பேசினேன். "நல்ல இடம்ணா. விட்டா கிடைக்காது" என்றார். மேலும் சொன்னபோது, "உங்க பொண்ணை நீங்க படிக்க வெச்சீங்க, யாராவது கேட்டாங்களா?" என்றார். அதோடு என் வாய் அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கவில்லை. என் மனைவிதான், "எமன் வேஷத்துல பிளாட் பிளாட்டா விசாரிச்சீங்களே, இப்ப மட்டும் என்ன?" என்றாள். மூன்றாம் நாள் ராத்திரி, நம் பி பிளாக் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு 1098க்குப் போன் செய்தேன். கை நடுங்கியது. கிரீடம் இல்லை, மீசை இல்லை. யார் பேசுகிறீர்கள் என்பதை வெளியே சொல்ல மாட்டோம் என்றார்கள். சொல்லவும் இல்லை.

அதிகாரிகள் போனார்கள், எழுதி வாங்கினார்கள், கல்யாணம் நின்றது. பெண் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். அவர்களுக்கு மண்டபம், சமையல் என்று முன்பணம் போனது போனதுதான், அந்த நஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யார் சொல்லியிருப்பார்கள் என்று அவர்களுக்கு ஒரு ஊகம். பொங்கலுக்கு ஒரு துக்க வீட்டில் பார்த்தோம். பெண்ணின் அப்பா எனக்கு எதிரே வந்து, பேசாமல் திரும்பிப் போய்விட்டார். முப்பது வருடப் பழக்கம்.

இந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தபோது செயலாளர் படித்துவிட்டு, "சார், செய்திமடல் வாட்ஸ்அப்புல எல்லா இடத்துக்கும் போகும். இந்தக் கடைசிப் பகுதியை எடுத்துடலாமா?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். ஒரு நாள் யோசித்தேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஊகமாக இருப்பது உறுதியாகட்டும்.

1098 என்ற எண்ணை மூன்று பிளாக் லிஃப்ட்டிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இலவசம், ராத்திரியிலும் எடுக்கிறார்கள். எமன் வேஷம் வேண்டுபவர்கள் நாடக சாமான் கடை விலாசத்தை என்னிடம் வாங்கிக்கொள்ளலாம், மீசை மட்டும் அரிக்கும்.

குழந்தைகள் வந்துவிட்டார்கள். பரிசு கொடுக்கலாம்.